பாட்டு நின்றால் பிரேக்

2 செப்டம்பர் 2012, ஞாயிறு

இன்றும் காரின் இடது பக்கக் கண்ணாடி மடங்கியது. நேரேட்மெட் திருப்பத்தில் நின்றிருந்த தள்ளுவண்டியில் இடித்து, கொய்யாப்பழங்கள் ரோட்டில் உருண்டன. வண்டிக்காரன் தெலுங்கில் கத்தினான். கார் ஓட்டி வந்த இவர் இறங்கிப் போய்ப் பழத்தையெல்லாம் பொறுக்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். சபைக்கு எங்களோடு வரும் புஷ்பாக்கா பின்சீட்டிலிருந்து, "சிலாஸ் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா!" என்றார்கள். நான் கண்ணாடியை விரித்து வைத்தேன். 

மத்தியானம் சாப்பிடும்போது சொல்கிறார்: "இந்த வண்டிதான் ரேச்சல் பிரச்சினை. சீட்டு தரையோட தரையா கெடக்கு. ஒசரமா ஒரு வண்டி வாங்கிட்டா எல்லாம் நல்லாத் தெரியும்."

எல்லாம் தெரியுமாம்! ஜூன் மாதம் கண் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தானே இருந்தேன்? க்ளாக்கோமா. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, பக்கப்பார்வை போய்விட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடுங்கள், வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். இவர் தலையை ஆட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

பேப்பரில் பொடி எழுத்தைப் படிக்கிறார். எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறார். இந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லை என்று நான் சொன்னால் எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். சொல்லவும் முடியாது. யாரிடமும், மகன் ஆலனிடம் கூட, மூச்சு விடக் கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டார்.

ஏன் கொடுத்தேன் அந்தச் சத்தியத்தை? வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வருஷம் இவர் கிடந்த கிடையை நான்தானே பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. பாஸ்டர் வந்து, "சைனிக்புரி, நேரேட்மெட் பக்கத்துப் பெரியவங்க ஆராதனைக்கு வர வழியில்லாம இருக்காங்க, நீங்க கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டார். மறுநாளே எழுந்து குளித்தார். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள், மற்ற நாளெல்லாம் என்னை நான் வேலை பார்க்கும் மல்லாபூர் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூப்பிடுவது. அந்தச் சாவிதான் எனக்கு என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது. அதை எப்படிப் பிடுங்குவேன்?

4 செப்டம்பர்

கச்சிபௌலியிலிருந்து மகன் போன். ஆபீஸில் வேலை பார்க்கிறானா, கார் பார்க்கிறானா தெரியவில்லை. "மம்மி, சின்ன எஸ்யூவி, டீசல், நாலு மீட்டருக்குள்ள. டாடி ஓட்டுற ஓட்டுக்கு மைலேஜ் முக்கியம். என் பங்கு நான் போடுறேன். ஹைட் இருந்தா அவர் முதுகுக்கும் நல்லது."

ஹவ் கண்ணா, ஆமாம், ரொம்ப நல்லது என்றேன்.

9 செப்டம்பர், ஞாயிறு

இதை எழுதினால் யாராவது நம்புவார்களா?

எனக்கு வண்டியில் போகும்போது கீர்த்தனை முணுமுணுக்கும் பழக்கம். பயம் வந்தால் வாய் அடைத்துவிடும். இவர் அதைக் கவனித்து வைத்திருக்கிறார். நேற்று ஹாலில் உட்காரவைத்து, ஆபீஸ் மீட்டிங் மாதிரி சொல்கிறார்: "நீ பாடிக்கிட்டே வா. பக்கத்துல எதாச்சும் நெருங்கி வந்தா பாட்டை நிறுத்திரு. நான் உடனே பிரேக் போடுவேன். பின்னால இருக்கவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"என்னங்க, இது வெளாட்டா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? படுத்துக்கிடவா?"



இன்று முழுக்கப் பாடினேன். போக வர. எருமை வந்தபோது நிறுத்தினேன், ஆட்டோ வந்தபோது நிறுத்தினேன், ரயில்வே கேட்டில் ஒரு பையன் சைக்கிளை நுழைத்தபோது நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்தார். எங்கேயும் உரசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். "பாத்தியா? நம்ம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு டிரைவர்."

எனக்கு அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

15 செப்டம்பர், சனி

ஷோரூம். ஸ்ரீகாந்த் என்று ஒரு பையன், குகட்பள்ளிக்காரன், உடைந்த தமிழில் தேன் ஒழுகப் பேசுகிறான். பூட் ஸ்பேஸ், கிரௌண்ட் கிளியரன்ஸ், லிட்டருக்கு இத்தனை. இவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, இன்ஜினைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

நானும் கேட்டேன். "பக்கத்துல வண்டி வந்தா சொல்ற மாதிரி எதாவது மெஷின் இருக்கா தம்பி?"

"ரிவர்ஸ் போனா சத்தம் வரும் மேடம். பக்கத்துக்கு எதுக்கு? சார் பாத்துக்குவார்லா?"

சார் பாத்துக்குவார்!

டெஸ்ட் டிரைவ். இவர் ஓட்ட, நான் பக்கத்தில், ஸ்ரீகாந்த் பின்னால். பாடாமல் எப்படி? ஷோரூம் வாசலிலேயே கீர்த்தனையை எடுத்துவிட்டேன். லாரி வந்ததும் நிறுத்தினேன், போனதும் விட்ட அடியிலிருந்து பிடித்தேன். அந்தப் பையன் என்ன நினைத்தானோ, "மேடம் பாட்டு நேர்ச்சுகுன்னாரா?" என்று மரியாதையாகக் கேட்டான். கற்றுக்கொண்டேன் தம்பி, போன வாரம்தான்.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் அது உயரமான வண்டி, கனமான வண்டி. இந்தச் சின்ன வண்டி இடித்தால் கொய்யாப்பழம் உருளும். அது இடித்தால்?

30 செப்டம்பர், ஞாயிறு

தனி மாநிலம் கேட்டு தெலங்கானா மார்ச். ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். சபைக்குப் போக முடியவில்லை. ஆண்டவருடைய நாளில் ஆண்டவருடைய வீட்டுக்குப் போகாமல் இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

10 அக்டோபர்

பாஸ்டரம்மா போன் செய்தார்கள். "ரேச்சல், வண்டில நீங்க எப்பவும் துதிச்சுக்கிட்டே வர்றீங்களாமே. புஷ்பாக்கா சாட்சி சொன்னாங்க. பெண்கள் உபவாசக் கூட்டத்தை நீங்கதான் நடத்தணும்."

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். பொய்யும் இல்லை.

12 அக்டோபர்

தாங்க முடியாமல் இன்று ஸ்டாஃப் ரூமில் செலினிடம் கொட்டிவிட்டேன். சத்தியத்தை மீறினேன். மூன்றாம் வகுப்பு டீச்சர், வாய்த்துடுக்கு, ஆனால் ரகசியம் காப்பவள். இடது கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கைக்குடி, ஏன் இப்படிப் பண்ற? பாட்டுப் பாடி வண்டி ஓட்டுறதா? உனக்கு மூளை இருக்கா?"

"அவர் திரும்பப் படுத்துருவார் செலின்."

"படுத்தா எழுப்பலாம். ரோட்டுல எவளையாவது அடிச்சுப் போட்டா எழுப்ப முடியுமா? நக்கோடி, வேண்டாம். மகன்கிட்ட சொல்லு."

சொல்ல வேண்டும். தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்துவிட்டார். ஏறினேன். பாடினேன்.

27 அக்டோபர், சனி

புக் பண்ணியாகிவிட்டது. சாம்பல் நிறம், டீசல். வர நாளாகுமாம், அவ்வளவு பேர் வரிசையில் இருக்கிறார்களாம். ஸ்ரீகாந்த் தலையைச் சொறிந்துகொண்டே, "கொஞ்சம் வெயிட் பண்ணணும் மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்றான்.

எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கோ ராசா. வராமலே போனாலும் நான் கேட்க மாட்டேன்.

11 நவம்பர், ஞாயிறு

ஆண்டவரே.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

திரும்பி வரும்போது. அறுப்பின் பண்டிகை ஆராதனை, எல்லோருக்கும் நல்ல உற்சாகம். நான் பாட ஆரம்பித்ததும் புஷ்பாக்கா சேர்ந்துகொண்டார்கள். அக்கா சேர்ந்ததும் பின்னாலிருந்த மற்ற இரண்டு பேரும். கை தட்டி, சத்தமாக. முன்பு யாரும் இப்படிச் சேர்ந்ததில்லை. இவரும் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.

இடது பக்கச் சந்திலிருந்து ஸ்கூட்டி வந்தது. நான் பார்த்தேன். நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன்.

பாட்டு நிற்கவில்லை. அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். இவருக்குக் கேட்டது பாட்டுதான்.

"என்னங்க" என்று நான் அலறியதும் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. இடித்த சத்தம்தான் பாட்டை நிறுத்தியது.

ஒரு பெண். எங்கள் ஆலனைவிடச் சின்னவள். வலது கை அப்படியே மடங்கிக் கிடந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. இவர் இறங்கி நின்று, "எங்கேருந்து வந்துச்சு? எங்கேருந்து?" என்று என்னையே கேட்கிறார். நான் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கூட்டம் கூடியபோது புஷ்பாக்கா என்ன சொன்னார்கள் தெரியுமா? "அந்தப் பொண்ணுதான் குறுக்க வந்துச்சு. எங்க சிலாஸ் நெதானமாத்தான் ஓட்டுனார், நாங்க எல்லாரும் சாட்சி." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மனமறிந்து பொய் சொல்கிறவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை.

12 நவம்பர்

காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாட்டு நிக்கலையே ரேச்சல்?"

"நான் நிறுத்துனேங்க."

14 நவம்பர்

தீபாவளி முடிந்த மறுநாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் பெயர் சுபாஸ்ரீ. நாமக்கல் பக்கம். ஹாஸ்டலில் தங்கி ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். தோளிலிருந்து கட்டு. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "சாரி அங்கிள். எல்லாரும் சொன்னாங்க, நான்தான் பாக்காம வந்துட்டேனாம். உங்களுக்கு எதும் அடிபடலையே?"

அம்மாக்காரி வேறு. "எத்தன தடவை சொன்னேன், ஸ்கூட்டி வேண்டாம்னு. கேக்க மாட்டீங்கறா. உங்களுக்கும் மனக்கஷ்டம் குடுத்துட்டா" என்று கும்பிடுகிறார்கள்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? இவர் கொண்டுபோன ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

18 நவம்பர், ஞாயிறு

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியை எடுத்தார். பம்பர் சரி பண்ணி வண்டி வந்துவிட்டது. "புஷ்பாக்கா காத்திருப்பாங்க. அவங்களைப் பாட வேணாம்னு சொல்லிரலாம். நீ மட்டும் பாடு."

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் குரல்! பக்கத்து வீட்டு ராமசுவாமி சுபேதார் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"பாட மாட்டேன்! இனிமே ஒரு வரி பாட மாட்டேன்! ஆண்டவர் பாட்டை வச்சு நான் ஒரு புள்ளையோட கையை ஒடிச்சேன். போதும்! போறதுன்னா என்னை ஏத்தாம போங்க. எவளையாவது கொன்னுட்டு வாங்க. நான் போலீஸுக்கே போயிச் சொல்லுவேன், இந்தாளுக்குக் கண்ணு தெரியாதுன்னு!"

சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை. இத்தனை மாதமாக வீட்டுக்குள் கூடச் சொல்லாத வார்த்தையை.

சாவியை மேஜை மேல் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சுவரைப் பார்த்து.

19 நவம்பர்

பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போனேன். வந்து பார்த்தால் காலையில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது.

22 நவம்பர்

சவரம் இல்லை. பேச்சு இல்லை. கண்ணுக்கு மருந்து விடப் போனால் மட்டும் திரும்பிப் படுக்கிறார், விட்டதும் மறுபடி சுவர்.

புஷ்பாக்கா போன். வண்டி ஷெட்டில் இருக்கிறது என்றேன். "புது வண்டி வர்ற வரைக்கும் ஜெபிப்போம்" என்றார்கள்.

நான் பண்ணினது சரிதான். சரிதானே? பின் ஏன் கொலை செய்தவள் மாதிரி வீட்டுக்குள் நடக்கிறேன்? ஒன்று எவளோ ஒருத்தி ரோட்டில் விழ வேண்டும், இல்லை என் மனுஷன் கட்டிலில் விழ வேண்டும். வேறு வழியே வைக்கவில்லையா ஆண்டவரே நீர்? என்ன கணக்கு இது?

29 நவம்பர்

பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால் வீடு பூட்டியிருக்கிறது.  ஷெட்டுக்கு ஓடினேன். கார் இருக்கிறது. சாவியும் உள்ளே மேஜை மேலேயே இருப்பது ஜன்னல் வழியே தெரிகிறது. அப்படியென்றால் மனுஷன் எங்கே? ரயில்வே கேட் பக்கம் ஓடினேன். எதை நினைத்து அந்தப் பக்கம் ஓடினேன் என்று எழுத மாட்டேன்.

போன் அடித்தது. சுபாஸ்ரீ. "ஆன்ட்டி, அங்கிள் இங்க ஹாஸ்டலுக்கு வந்துட்டு இப்பத்தான் கிளம்புனாங்க. ஆட்டோ ஏத்திவிட்டோம். தனியா வந்தாங்க, அதான் உங்களுக்குச் சொல்லலாம்னு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பு உன்னோடது இல்லம்மா, எனக்குப் பக்கத்துல எதுவுமே தெரியாது, தெரிஞ்சேதான் ஓட்டுனேன்னு சொன்னாங்க ஆன்ட்டி. எங்கம்மா நல்லாத் திட்டிட்டாங்க. அங்கிள் நின்னு கேட்டுக்கிட்டாங்க."

ரயில்வே கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்பு கிடந்தது. சவரம் செய்துகொண்டிருந்தார்.   "டீ போடவா?" என்றேன். "ம்" என்றார்.

8 டிசம்பர், சனி

ஸ்ரீகாந்த் கூப்பிட்டிருந்தான், வண்டி வந்துவிட்டதாம். ஆலன் கச்சிபௌலியிலிருந்து லீவு போட்டு வந்தான். வழியில் ஆட்டோவிலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மனதில் கோத்து வைத்திருந்தேன். இவர் நடுவில் உட்கார்ந்திருந்ததால் வாய் வரவில்லை. மாலை போட்டு, தேங்காய் வைத்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்ரீகாந்த் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, "வாங்க சார்" என்றான்.

இவர் நகரவில்லை. என்னைக் காட்டினார். "அம்மாவை உக்காரச் சொல்லுங்க."

"எதுக்குங்க?"

"உக்காரு ரேச்சல்."

உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் என் கழுத்துக்கு வந்தது. கால் க்ளட்ச்சைத் தொடவில்லை. இவர் குனிந்து என் காலையே பார்க்கிறார். "சீட்டு இன்னும் மேல வருமா தம்பி? முன்னால? இல்லையா? அப்ப இது வேண்டாம். புக்கிங்கை மாத்திக்கிடுங்க. இவ குட்டை. ஸ்டீயரிங் லேசா இருக்கணும், பானெட் நுனி தெரியணும், மூணாவது கியர்ல மெதுவாப் போனாலும் இன்ஜின் நிக்கக் கூடாது. மைலேஜும் வேணும், தெனம் மல்லாபூர் போகணும்ல."

ஸ்ரீகாந்த் பேந்தப் பேந்த விழித்தான். ஆலன், "டாடி, வாட் இஸ் திஸ்? மம்மிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது!" என்றான்.

"கத்துக்கிடுவா. எனக்குக் கண்ணு போச்சுடா. பக்கமெல்லாம் இருட்டு. மம்மிக்குத் தெரியும், நான்தான் சொல்ல விடல."

ஆலன் என்னைப் பார்த்தான். நான் அந்த உயரமான சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதேன். ஷோரூம் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

17 டிசம்பர்

டிரைவிங் ஸ்கூல். வாசு என்று ஒரு மாஸ்டர். "மேடம், க்ளட்ச் மீத காலு தீயண்டி" என்று கெஞ்சுகிறான். எடுத்தால் நிற்கிறது, எடுக்காவிட்டால் உறுமுகிறது. ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா? இன்று ஒரு நாய் எழுந்து, என்னைப் பார்த்து, ஓரமாக நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது.

26 ஜனவரி 2013

இன்னும் மைதானத்தில்தான் ஓட்டிப் பழகுகிறேன். இவர் சாயங்காலம் மைதானத்துக்கு நடந்தே வந்து ஓரமாக நிற்கிறார். நான் சுற்றி வரும் வரை நிற்கிறார். திட்டவும் இல்லை, சொல்லித் தரவும் இல்லை. இன்று முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் எதையும் யாரிடமும் விட்டுக்கொடுத்த மனுஷன் இல்லை. "வேணாங்க, நாம ஒரு டிரைவரை வச்சுக்கலாம்" என்றேன். "நக்கோ, ஏறு" என்றார்.

17 மார்ச், ஞாயிறு

சுபாஸ்ரீயின் கை சேர்ந்துவிட்டது என்று நேற்று மெசேஜ். முழுதாக மடங்கவில்லையாம், மடங்குமாம்.

இன்று முதல் தடவை நான் ஓட்டினேன், பெரியவர்களை ஏற்றிக்கொண்டு. புது வண்டி, சிவப்பு நிறம். குட்டையானது, லேசானது. ஆனாலும் பழைய வண்டியைவிட உயரம்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இவர் இறங்கி, கை கொடுத்து ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். "சிலாஸுக்கு முதுகு வலி போல, பொண்டாட்டிய ஓட்டவிட்டுட்டார்" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். இவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். எனக்கு வியர்த்து வழிந்தது.

நேரேட்மெட் திருப்பத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். பதற்றத்தில் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "என்னங்க, இடது பக்கம் எதாவது வருதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு பின்னால் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. கண்ணு போயி ஒரு வருஷமாகப் போகுது. அன்னைக்கு அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. புஷ்பாக்கா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

 ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணாடி இறங்குகிற சத்தம். புஷ்பாக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு ஆட்டோ வருது, இரு" என்றார்கள்.  "ம், போயிருச்சு. யாரும் இல்லடி. போ."

போனேன்.